பால் ஏறிய கண்

ஜனவரியில் பாம்பு சட்டை உரிக்காது. லொரீனுக்கு வாழ்க்கையில் நிச்சயமாகத் தெரிந்த சில விஷயங்களில் இதுவும் ஒன்று. நவம்பர் கடைசியில் பாம்பு அறை ஜன்னலுக்குக் கருப்புத் துணி மாட்டி, சூட்டை அணைத்து, தீனியை நிறுத்திவிட்டால், குளிர் முடியும்வரை அந்த அறைக்குள் தண்ணீர் மாற்றுவதற்குத் தவிர யாரும் போவதில்லை. பெட்டிக்கு ஒன்றாகச் சுருண்டு கிடக்கும் சோளப்பாம்புகள் அப்போது தின்பதில்லை, வளர்வதில்லை. வளராத உடம்புக்குப் புதுத் தோல் எதற்கு?

ஆனால் அந்தச் சனிக்கிழமை காலையில், காபிக் கோப்பையோடு நடைவழியில் வந்தவளின் காலடியில் அது கிடந்தது. தரையில் சூடான காற்று வருவதற்கு வைத்திருக்கும் இரும்புச் சல்லடைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் பருமனில், நீளமாக, கண்ணாடித்தாள் போல. மகள் மேவிஸ் ஏதோ பிஸ்கட் உறையைப் பிரித்துப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக் குனிந்து எடுத்தாள். கை ஈரமாயிற்று.

அந்த ஈரம்தான் அவளை என்னவோ செய்தது. காய்ந்த சட்டை என்றால் கோடையில் உரித்தது எங்கிருந்தோ காற்றில் வந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். ஈரமாக இருந்தால், உரித்தது சற்று முன்னால்தான்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பாம்பு அறைக்குள் போனாள். மரச்சீவலும் குளிர்ந்த பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. காகித ஆலைப் பக்கமிருந்து காற்று அடித்ததால் அதன்மேல் மெலிதாக ஒரு அழுகிய முட்டை நாற்றம். பெட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கருப்பு நிறமே இல்லாத செம்மஞ்சள் பாம்பு, சிவப்பே இல்லாத சாம்பல் பாம்பு, முதுகில் வட்டங்கள் சங்கிலியாய் ஓடுவது, தலையிலிருந்து வால்வரை கோடு போட்டது. எல்லாம் அதனதன் இடத்தில், வெளிச்சம் பட்டதும் மெதுவாக நாக்கை நீட்டி, மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டன. ஒன்றுகூடக் குறையவில்லை. ஒன்றுகூட உரிக்கவில்லை.

அப்படியானால் பெட்டியில் இல்லாத ஒன்றுதான். அப்படி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பட்டன்.

லொரீனும் அவள் கணவன் கர்டிஸும் பதினைந்து வருஷமாகச் செய்த வேலை இதுதான்: பாம்பின் நிறத்தையும் கோலத்தையும் பார்த்து, உள்ளே என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று சொல்வது. ஒவ்வொரு குணமும் சோடியாக வருகிறது, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. இரண்டும் ஒன்றுபோல் அமைந்தால்தான் பல குணங்கள் வெளியே தெரியும். ஒன்று மட்டும் இருந்தால் பாம்பு பார்வைக்குச் சாதாரணமாக, பைன் காட்டில் திரிவது போலவே இருக்கும்; ஆனால் உள்ளே ஒரு குணத்தை ரகசியமாகச் சுமந்துகொண்டிருக்கும். பாம்பு வாங்க வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கும்போதெல்லாம் கர்டிஸ் ஒன்று சொல்வான். "வெளியில தெரியலைன்னா உள்ள இல்லைன்னு ஆயிராது." குட்டியைக் காட்டினால் அப்பன் யாரென்று சொல்லிவிடுவதாகப் பெருமையும் அடித்துக்கொள்வான். பெரும்பாலும் சொல்லிவிடவும் செய்தான், பாவி.

பட்டனை மட்டும் அவனால் சொல்ல முடியவில்லை. சாதாரணத் தாய்க்கும் சாதாரணத் தகப்பனுக்கும் பிறந்த குட்டி, வெளிறிய தோலில் முதுகுக்கட்டம் எதுவும் இல்லாமல், அங்கங்கே பழுப்புப் புள்ளிகளோடு முட்டையைக் கிழித்து வந்தது. அறிந்த வகை எதிலும் சேரவில்லை. "என் முதுகு மாதிரியே இருக்கு பாரு. இவன் எனக்குத்தான் பொறந்திருக்கான்" என்று கர்டிஸ் சட்டையைத் தூக்கி மச்சங்களைக் காட்டினான். ஆறு வயது மேவிஸ் பெயர் வைத்தாள். இன்னும் இரண்டு தலைமுறை பிறக்க வைத்து இது புதுக் குணம்தான் என்று நிரூபிக்கவேண்டும் என்பது அவன் கனவாயிருந்தது. போன ஆகஸ்டில் பட்டன் பெட்டியிலிருந்து தப்பிச் சல்லடை வழியாகத் தரைக்கு அடியில் இறங்கியது. செங்கல் தூண்கள்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில், ஆள் ஊர்ந்து போகும் இடைவெளிக்குள் கர்டிஸ் அதைத் தேடிப் போனான். எலி கடித்த மின்கம்பி ஒன்று அங்கே ஈர மணலில் கிடந்தது. சாப்பிடக் கூப்பிடப் போன லொரீனுக்கு அவன் செருப்புக் கால்கள் மட்டும்தான் தெரிந்தன, அசையாமல்.

பட்டன் கிடைக்கவில்லை.

அதனால் அந்தச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள் என்றால் அது பயத்தினால் இல்லை. மேஜைமேல் வெளிச்சப் பலகையைப் போட்டு, சட்டையை விரித்து வைத்தாள். உரித்த தோலில் நிறம் இருக்காது. ஆனால் கோலம் நிழலாக இருக்கும், தெரிந்தவர்கள் படிக்கலாம். கட்டம் இல்லை. கோடு இல்லை. வட்டம் இல்லை. அங்கங்கே புள்ளி. அவன் உயிரோடு இருக்கிறான். கர்டிஸ் விட்டுப்போனவற்றில் முடிக்காமல் விட்ட ஒரே காரியம் இந்தத் தரைக்கு அடியில் உயிரோடு இருக்கிறது.

பாம்பு வளர்க்கும் எவரும் அடுத்துச் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வீட்டுச் சூட்டைக் கூட்டினாள். ஒரு டப்பாவில் துளை போட்டு, ஈரப்பாசியைப் பிழிந்து நிரப்பி, சல்லடை ஓரமாக வைத்தாள். சட்டை உரிக்கும் பாம்புக்கு ஈரம் வேண்டும். உறைபெட்டியிலிருந்து எலிக்குஞ்சு ஒன்றை எடுத்து வெந்நீரில் இளக்கித் தட்டில் வைத்தாள். சட்டையின் வால்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டி உறையில் போட்டு, பாம்புகளின் மரபணுவைப் படித்துச் சொல்லும் ஆய்வகத்துக்குத் தபாலில் அனுப்பினாள். கர்டிஸ் இருந்தபோது இந்தப் புள்ளிக்கான சோதனை வந்திருக்கவில்லை. இப்போது ஒருவேளை வந்திருக்கலாம்.

"பட்டன் வந்துட்டான், செல்லம்" என்று மேவிஸிடம் சொன்னபோது அவள் கார்ன்ஃப்ளேக்ஸைப் பாலில் அளைந்துகொண்டிருந்தாள். மூக்கின் குறுக்கே தவிட்டைத் தூவியது போல் சிறு புள்ளிகள் உள்ள குழந்தை. அவை லொரீனின் அம்மா வழியில் வந்தவை.

"அவன் எங்கம்மா போனான்? கீழதான இருந்தான்" என்றாள் மேவிஸ். "அப்பாகூட."

லொரீன் பால் குடுவையை எடுத்து உள்ளே வைத்தாள். அப்பா சர்ச்சுக்குப் பின்னால் கல்லறையில் இருக்கிறார் என்று மறுபடி சொல்வதற்கு அவளுக்குத் தெம்பு இல்லை.

மறுநாள் தட்டு காலியாக இருந்தது. அதற்கு மறுநாளும். அவள் பெரிய எலிகளை வைத்தாள், அவையும் போயின. கூடத்தில் தனியாக உட்கார்ந்து டிவியின் ஒலியைக் குறைத்தால் தரைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. செங்கல்லில் எதையோ தேய்ப்பது போல, நிதானமாக, நிறுத்தி நிறுத்தி. சட்டை உரிக்கும் பாம்பு மூக்கைச் சொரசொரப்பில் தேய்த்துத்தான் ஆரம்பிக்கும் என்பதால் அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது. கட்டைவிரல் பருமன் உடம்பு தேய்ப்பதற்கு அவ்வளவு சத்தம் வருமா என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

ஆய்வகத்திலிருந்து நடீன் என்ற பெண் பேசினாள். எப்போதும் எதையோ மென்றுகொண்டு பேசுகிற, கலகலப்பான குரல்.

"உங்க பாம்பு கருப்பில்லாத குணத்தையும் கோடு போடுற குணத்தையும் உள்ள ஒளிச்சு வச்சிருக்கு மேடம். மிச்சத்தைப் படிக்க முடியல. மனுசத் தோல் கலந்திருக்கு. கையுறை போட்டுத்தான எடுத்தீங்க?"

"இல்ல, காபி குடிச்ச கையோட எடுத்துட்டேன்."

"எல்லாரும் பண்றதுதான். அடுத்த சட்டை வந்தா இடுக்கியால எடுங்க. உங்க கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சால தடவி அதையும் அனுப்புங்க, கழிச்சுப் பாத்துக்கறோம். வீட்டுல வேற யாரு தொடுவாங்களோ அவங்களோடதும்."

"பொண்ணு இருக்கா. அவ்வளவுதான்."

"அப்ப அவளோடதும் அனுப்பிருங்க."

இரண்டாவது சட்டை மேவிஸின் அறை வாசலில் கிடந்தது. கதவுக்குக் குறுக்கே, உள்ளே போகும் வாக்கில். லொரீன் கையுறை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் தூக்கினாள். தூக்கத் தூக்க வந்துகொண்டே இருந்தது. அவளுடைய மணிக்கட்டைவிடப் பருமன். அதில் பாம்பு வாசனை இல்லை. வீட்டுக்கு அடியில் இருக்கும் ஈர மணலின் வாசனை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாரி பழுதுபார்க்கும் ஹோயிட் மாலையில் வந்தான். கர்டிஸின் கூட்டாளி, அவனும் பாம்புக்காரன், கதவு நிறைய உடம்பு. அவித்த வேர்க்கடலைப் பையை மேஜைமேல் வைத்துவிட்டு வெளிச்சப் பலகையில் குனிந்தான்.

"ஒரு வயசுப் பாம்பா இது? என்னத்த வைக்கிற தட்டுல, பன்னிக்குட்டியா?"

"எலிதான். தினம் ஒண்ணு."

"என் பொண்டாட்டிகிட்ட சொல்லிராத. தினம் ஒண்ணு தின்னா நானும் இப்படித்தான் ஆவேன்னு பயந்துருவா." சிரித்துக்கொண்டே சட்டையைப் புரட்டினான். மறுபடி புரட்டினான். சிரிப்பு நின்றது. "வயிறு எங்க லொரீன்?"

"கிழிஞ்சிருக்கும்."

"கிழியல. சுத்திப் பாரு, முழுசா இருக்கு. வயித்துச் செதில் அகலமா, கட்டம் கட்டமா இருக்கணும்ல? எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கு."

"செதில் இல்லாத வகையா இருக்கலாம்."

"செதில் இல்லாத வகைக்கும் வயித்துல செதில் உண்டு. உனக்குத் தெரியாததா?" பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு கண்ணாடியை வைத்துவிட்டுச் சமையல் குழாயடியில் போய்க் கையைக் கழுவினான். சோப்புப் போட்டு மறுபடி கழுவினான். "இதுல ரோமக்கால் இருக்கு."

லொரீன் பூதக்கண்ணாடியை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"சூட்டைக் குறை. அந்தப் பாசி டப்பாவைத் தூக்கி வெளிய போடு. எலி வைக்காத. சல்லடைமேல கனமா எதையாவது ஏத்து."

"பட்டனைச் சாகடிக்கச் சொல்றியா? அது கர்டிஸோடது, ஹோயிட்."

"அதுக்காகத்தான் சொல்றேன்."

கடலையைத் தொடாமலே போய்விட்டான். வண்டியில் ஏறுமுன் வீட்டுக்கு அடியில் போவதற்கான சிறு கதவைப் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றான். லொரீன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். கோபம்தான் வந்தது. ஆம்பளைக்கு இவ்வளவு பயமா என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

தனியானபின் மறுபடி பலகை முன்னால் உட்கார்ந்தாள். புள்ளிகள். மூன்று ஒரே வரிசையில், சற்றுக் கீழே தள்ளி ஒன்று. ஆற்றங்கரையில் ஒவ்வொரு கோடையும் கர்டிஸின் முதுகில் வெயில் களிம்பு பூசியவள் அவள். இடது தோள்பட்டையில் மூன்று மச்சம் ஒரே வரிசையில், சற்றுக் கீழே தள்ளி ஒன்று. அவள் கை அந்த இடங்களில் தானாக நின்று போகும். புள்ளி என்றால் புள்ளிதான், எங்கேயும் மூன்று வரிசையாக விழலாம் என்று சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்தாள். வால்பக்கத்தைக் கையுறையோடு வெட்டி, பஞ்சுகளையும் சேர்த்து அனுப்பினாள்.

சூட்டைக் குறைக்கவில்லை. டப்பாவை எடுக்கவில்லை. பாசி காய்ந்திருந்தது. தண்ணீர் தெளித்தாள்.

அந்த வாரம் மேவிஸுக்கு உடம்பு சரியில்லை. முதலில் சாப்பாட்டைத் தள்ளினாள். மக்காச்சோள ரொட்டி, கோழி சூப், எப்போதும் அடித்துப் பிடித்துத் தின்னும் பன்றி வறுவல், எதுவும் வேண்டாம்.

"வயிறு நிறைஞ்சிருக்கும்மா."

"என்னத்த தின்ன, நிறையறதுக்கு?"

குழந்தை தோளைக் குலுக்கினாள். பிறகு வெளிச்சம் பிடிக்காமல் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். தோல் மங்கி, பௌடர் அப்பியது போல் வெளிறியது. மூக்கின்மேல் இருந்த புள்ளிகள்கூட அழிந்தாற்போல் தெரிந்தன. சாயங்காலமானால் குளியலறையில் தொட்டியை நிரப்பிக்கொண்டு, விரல் நுனி சுருங்கும்வரை கிடந்தாள். பள்ளியில் பாதிப் பேருக்குச் சளி என்றார்கள். லொரீன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை, சில்லென்று இருந்தது. மார்பில் களிம்பு தேய்த்துவிட்டாள். தின்னாமை, மங்கல், மறைவு தேடுதல், ஈரம் தேடுதல். இதையே ஒரு பெட்டிக்குள் பார்த்திருந்தால் சட்டை உரிக்கப்போகிறது என்று அறையின் அந்தக் கோடியிலிருந்தே சொல்லியிருப்பாள். பெற்ற பிள்ளையில் பார்த்ததால் சூப் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரத்தில் தொலைபேசி அடித்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மேடம், நடீன் பேசறேன். இந்தத் தடவையும் கலந்திருச்சு."

"கையுறை போட்டுத்தான் எடுத்தேன். இடுக்கியால."

"தெரியுது, உங்களோடது இல்ல. குழந்தையோடதும் இல்ல. ஆனா பாதி, குழந்தையோட அப்படியே ஒத்துப்போகுது. நாம பாம்புல அப்பனைக் கண்டுபிடிப்போம்ல, அதே மாதிரி." நடீன் எதையோ மென்று விழுங்கினாள். "உங்க வீட்டுக்காரரை அடுத்த தடவை கையுறை போட்டுக்கச் சொல்லுங்க."

லொரீன் நடைவழிச் சல்லடையைத் திரும்பிப் பார்த்தாள்.

"லைன்ல இருக்கீங்களா? இன்னொண்ணு மேடம். போன தடவை பாம்புதான் நிறைய, மனுசன் கொஞ்சம். இந்தத் தடவை பாம்பு கிட்டத்தட்ட இல்லவே இல்ல. நீங்க அனுப்புனது சட்டைதானா?"

அவள் தொலைபேசியை வைத்தாள். வைத்தாளா, கீழே விழுந்ததா தெரியவில்லை. நடைவழிக்கு ஓடி, சுவரில் இருந்த சூட்டு முள்ளைக் கடைசிவரை திருப்பி அணைத்தாள். பாசி டப்பாவைத் தூக்கிப் பின்வாசல் வழியாக இருட்டில் எறிந்தாள். கர்டிஸின் இரும்புக் கருவிப்பெட்டியைத் தரையில் கீறிக்கொண்டு இழுத்துவந்து சல்லடைமேல் ஏற்றினாள். மூச்சு வாங்கியது. அப்போதுதான் கவனித்தாள், தரைக்கு அடியில் சத்தம் இல்லை. இத்தனை நாளாக இருந்த தேய்ப்பு இல்லை. கீழே எதுவும் இல்லை.

கீழே இல்லாதது எங்கே இருக்கிறது?

மேவிஸின் அறை. கட்டில். போர்வை கசங்கி, நடுவில் ஈரமாய் ஒரு வட்டம். ஈர மணல் வாசனை. போர்வையை விலக்கினாள்.

முதலில் கையுறை என்று நினைத்தாள். தான்தான் கழற்றிப் போட்டுவிட்டோம் என்று. சிறிய கையுறை. மிகச் சிறியது. கண்ணாடி போல. விரல்கள் ஐந்து, உள்வெளியாகத் திரும்பி, ஒவ்வொன்றின் நுனியிலும் நகத்தின் மெல்லிய ஓடு.

தலையணையை எடுத்தாள். எடுத்திருக்கவேண்டாம். அதன் கீழே வால்கள் இருந்தன. எலி வால்கள். காலியான தட்டுகள் எல்லாம் அவள் கண்ணில் வந்து போயின.

"மேவிஸ்."

தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது. வேறு சத்தம். தேய்க்கும் சத்தம். நிதானமாக. நிறுத்தி நிறுத்தி.

குளியலறைக் கதவு திறந்துதான் இருந்தது. விளக்கு இல்லை. நடைவழி வெளிச்சம் பழைய இரும்புத் தொட்டியின் விளிம்பில் ஒரு கோடாக விழுந்திருந்தது. அந்த விளிம்பில், பூச்சு உதிர்ந்து துருப்பிடித்துச் சொரசொரத்த இடத்தில், குழந்தை மேலுதட்டை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

"விளக்குப் போடாதம்மா. கூசுது."

லொரீன் முழங்காலிட்டாள். குழந்தை முகத்தைத் திருப்பினாள். இரண்டு கண்ணிலும், சட்டை உரிக்கப்போகும் பாம்புக்கு ஏறுவது போல, பால் ஏறியிருந்தது. நீலம் கலந்த, கெட்டியான பால். கருவிழி தெரியவில்லை.

"செல்லம், வா. வெளிய வா. டாக்டர்கிட்ட போலாம்."

"தேய்ச்சா வந்துரும்னு அப்பா சொன்னாரு. மூக்குலேர்ந்து ஆரம்பிக்கணுமாம்."

லொரீன் கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தினாள். உரிக்கிற பாம்பைத் தொடக்கூடாது. பிடித்து இழுத்தால் அடியில் இன்னும் தயாராகாத தோலும் சேர்ந்து வரும், கண்ணும் போகும். ஈரப்படுத்தவேண்டும், காத்திருக்கவேண்டும், வேறு வழி கிடையாது. வாங்குகிறவர்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? இழுத்துப் பிய்த்தால் குழந்தை மிஞ்சுவாளா? விட்டால் மிஞ்சுவாளா? கை காற்றில் நின்றது. நின்றதோடு சரி.

உதட்டோரம் தோல் மெல்ல எழும்பியது. மூக்கின்மேல் மடங்கியது. தாடைக்குக் கீழே சுருண்டது. அடியில் ஈரமான புதுத் தோல், உரித்தவுடன் எப்போதும் இருப்பது போலப் பளிச்சென்று. தாடையின் வலதுபக்கம் ஒரு மச்சம். கர்டிஸ் சவரம் செய்யும்போதெல்லாம் வெட்டிக்கொள்ளும் மச்சம்.

மேவிஸுக்குத் தாடையில் மச்சம் இருந்ததே இல்லை.

கழுத்து விடுபட்டது. இடது தோள். மூன்று வரிசையாக. சற்றுக் கீழே தள்ளி ஒன்று.

"துண்டை நனைச்சுக் குடு, லோ."

குரல் குழந்தையுடையதுதான். ஆனால் லோ என்று அவளைக் கூப்பிட்டவன் உலகத்தில் ஒருவன்தான்.

"மேவிஸ் எங்க?" அவளுக்கே கேட்காத குரல். "என் பொண்ணு எங்க கர்டிஸ்?"

தண்ணீர் அசைந்தது. கண்ணை மூடியிருந்த பால் படலம் விளிம்பில் பிரிந்தது. கீழே பளபளவென்று கர்டிஸின் சாம்பல் கண் அவளைப் பாசத்தோடு பார்த்தது.

"உள்ளதான் இருக்கா. வெளியில தெரியலைன்னா உள்ள இல்லைன்னு ஆயிராது."

சின்னக் கை ஒன்று தண்ணீரிலிருந்து உயர்ந்து எதையோ அவள் உள்ளங்கையில் வைத்தது. ஈரமாக, எடையே இல்லாமல், இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக. எங்கும் கிழியவில்லை. கண்ணை மூடியிருந்த படலங்கள் இரண்டும் அதிலேயே இருந்தன. அவள் வாழ்நாளில் பார்த்தவற்றிலேயே குறையில்லாத சட்டை. பழக்கம் விடவில்லை, அவள் கை தானாக அதை நடைவழி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தது. நிழலாகக் கோலம் தெரிந்தது. மூக்கின் குறுக்கே, தவிட்டைத் தூவியது போல், சிறு சிறு புள்ளிகள்.